நம்பரைச் சொன்னவள்

ஜூன் 28, திங்கள்

கோயில் இன்னும் திறக்கவில்லை. காலைப் பூசை போனில்தான். உவரி அந்தோணியாருக்கு வெள்ளிக் கால் நேர்ச்சை இது இரண்டாம் வருஷமாகத் தவறுகிறது. வாங்கி வைத்த கால் மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் கிடக்கிறது.

சிலிண்டர் வந்தது. அரிசி அடுத்த வாரம் வரைக்கும் காணும். விளமீன் வாங்கிச் செதிள் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஜெஸி ஹாஸ்டலில் இருந்து கூப்பிட்டாள். கல்லூரியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போடுகிறார்களாம், போட்டால்தான் பிராக்டிகலாம். என் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு என்றாள். காஸ், பாங்க், ரேஷன், இவருடைய துறைமுகச் சம்பளம் என்று இந்த வீட்டுக்கு வருகிற நம்பர் எல்லாம் என் போனுக்குத்தான். இதுவரை ஒன்றும் தவறிப் போனதில்லை. கை முழுக்கச் செதிள், முழங்கையால் போனைத் திருப்பி வாசித்துச் சொன்னேன்.

இவருக்குத் துறைமுகத்தில் முதல் ஊசி போன வாரமே ஆகிவிட்டது. எனக்கும் பங்கு மண்டபத்தில் ஆகிவிட்டது. இனி பயமில்லை. சாயங்காலம் ஸ்தோத்திரமாக ஒரு செபமாலை சொன்னேன்.

ஜூன் 30, புதன்

ஜெஸிக்கு ஊசிக் காய்ச்சல் விட்டுவிட்டது. பால்காரருக்கு மாதக் கணக்கு முடித்தேன்.

ஜூலை 8, வியாழன்

ஜெஸி பேசினாள். "யம்மா, செருப்பு காலில நிக்க மாட்டேங்கு. கழண்டு போறதுகூட தெரியல. பின்னால வந்த பிள்ளைதான் எடுத்துத் தந்தா."

"வாரை இறுக்கிப் போடுட்டி" என்றேன்.

வார்டனும் அதெல்லாம் மனப்பயம், நடந்தால் சரியாகிவிடும் என்றாளாம்.

மோர் மிளகாய் காயப் போட்டேன். வானம் மூடியது, எடுத்துவிட்டேன். பீரோவைத் திறந்து, எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் மூடினேன்.

ஜூலை 10, சனி

திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் இருந்து எழுதுகிறேன். பேனா நர்ஸம்மாவுடையது.

விடியற்காலை வார்டன் போன் செய்தாள். ஜெஸியால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது இரண்டு பிள்ளைகள் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவள் சிரிக்கிறாள். "பாத்தியாம்மா, எனக்குச் சப்பரம்" என்கிறாள்.

டாக்டரம்மா பெயர் சங்கரவடிவு. என் வயதை ஒத்தவர்களாக இருப்பார்கள். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார்கள். கால் அசையவில்லை. இன்னொரு தடவை தட்டினார்கள்.

"இது நரம்புல வர்ற பலவீனம். தடுப்பூசிக்கு அப்புறம் ரொம்ப அபூர்வமா ஒருத்தருக்கு வரலாம். வெறும் வயித்துப்போக்குக்கு அப்புறமும் வரும். எதனாலன்னு இன்னைக்கே என்னால சொல்ல முடியாது. மேலே ஏறி நெஞ்சைப் பிடிச்சிரக் கூடாது, அதுதான் இப்ப முக்கியம். மருந்து இன்னைக்கே ஏத்துறோம்."

பிறகு கேட்டார்கள்: "இதுக்கு முன்னால எப்பவாவது காலு பலமில்லாமப் போயிருக்கா?"

"இல்லை டாக்டர்" என்றார் இவர்.

நான் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

ஜூலை 11, ஞாயிறு

மூச்சைக் கவனிக்க வேண்டுமாம். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி, எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நிற்கிற இடம் குறைந்தால் உடனே கூப்பிட வேண்டும்.

"எண்ண மாட்டேன். ஏலத்துல மீன் எண்ணுற மாதிரி இருக்கு" என்றாள் ஜெஸி.

"அப்ப மங்கள வார்த்தை செபம் சொல்லு" என்றேன். செபமாலையில் மாதாவுக்குச் சொல்கிற செபம், அவளுக்குத் தூக்கத்திலும் வரும். டாக்டரைப் பார்த்தேன். எதுவாக இருந்தால் என்ன, ஒரே மூச்சில் வர வேண்டும் என்றார்கள்.

ஆமென் வரைக்கும் சொன்னாள்.

ஜூலை 12, திங்கள்

காலையில் ஆமென் வரவில்லை. 'இப்பொழுதும்' என்ற இடத்தில் நின்றது. சாயங்காலம் செபத்தின் பாதியில், 'புனித மரியே' என்று ஆரம்பிக்கும் இடத்திலேயே நின்றுவிட்டது.

இவர் வெளியே வராந்தாவில் நிற்கிறார். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையைக் காட்டிக் கேட்கிறார். நான் கையைக் காட்டவில்லை.

ஜூலை 13, செவ்வாய்

'பெண்களுக்குள்.'

செபத்தின் தொடக்கத்திலேயே மூச்சு அறுந்துவிடுகிறது. செயற்கை மூச்சு மெஷினைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அதன் மேல் வெள்ளைத் துணி போட்டு மூடியிருக்கிறது. ஜெஸி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஜூலை 14, புதன்

'பெண்களுக்குள்.' இறங்கவில்லை. துவைத்த நைட்டி இரண்டு, துண்டு ஒன்று, மாடிக் கொடியில்.

ஜூலை 16, வெள்ளி

கார்மேல் மாதா திருநாள். துணி மூடின மெஷினை எடுத்துக்கொண்டு போனார்கள்! வேறொரு பிள்ளைக்குத் தேவையாம். அந்தப் பிள்ளைக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

ஜூலை 19, திங்கள்

இன்று 'எங்கள் இறப்பின் வேளையிலும்' வரைக்கும் வந்துவிட்டாள். இறப்பு என்ற சொல்லை என் மகள் வாயால் கேட்க இவ்வளவு ஏங்குவேன் என்று நினைத்துப் பார்த்ததில்லை. இவரிடம் கண்ணாடி வழியாகக் கையை நன்றாக விரித்துக் காட்டினேன். அழுதுவிட்டார்.

கால் இன்னும் அசையவில்லை.

ஜூலை 28, புதன்

சாதாரண வார்டுக்கு வந்துவிட்டோம். பக்கத்துக் கட்டில் அம்மா கடைந்த மோர் தந்தாள்.

பகலில் கல்லூரி நிர்வாக அலுவலர் ராஜமன்னார் சார் வந்தார். ஆப்பிள் கொண்டுவந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். கல்லூரி ஜெஸியைக் கைவிடாது, ஒரு வருஷம் போனாலும் அவள் இடம் அப்படியே இருக்கும், கால் பயிற்சி எல்லாம் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே இலவசம் என்றார். இவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"ஒரே ஒரு நடைமுறை இருக்கும்மா. கையெழுத்துகூட வேண்டாம், இப்ப எல்லாம் ஆன்லைன். உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னாப் போதும்."

சொல்லி வாய் மூடவில்லை, என் மடியில் போன் சத்தம் போட்டது. நம்பரைப் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது, பழக்கம் அப்படி.

"எதுக்கு சார் இந்த நம்பர்?"

"ஒரு வாக்குமூலம் மாதிரிம்மா. ஊசிக்கு அப்புறம் இப்படி ஆனா மாவட்ட விசாரணைக் குழு கூப்பிடும்ல, அதுக்கு."

"வாசிங்க சார், கேக்குறேன்."

வேகமாக வாசித்தார். மெதுவாக வாசிக்கச் சொன்னேன். தடுப்பூசி அவசர அனுமதியில் தரப்படுவது என்றும், பக்கவிளைவுகள் அனைத்தும் முன்கூட்டியே விளக்கப்பட்டன என்றும், தாயாரின் முழுச் சம்மதத்துடன், விருப்பத்தின் பேரில் போடப்பட்டது என்றும் இருந்தது.

"யார் சார் எனக்கு விளக்கினா?"

"பொதுவா எல்லாருக்கும் சொன்னதுதானேம்மா. டிவியில கூட."

"ஊசி போட்டாத்தான் பிராக்டிகல்னு பிள்ளைகிட்டச் சொன்னது யாரு?"

"அரசாங்கம் கட்டாயம்னு சொல்லலை. நாங்களும் 'விரும்புறவங்க'ன்னுதான் நோட்டீஸ் போட்டோம். ஊசி செஞ்ச கம்பெனிக்காரனை நீங்க எங்க போய்த் தேடுவீங்க? அவன் அவசரத்துக்குச் செஞ்சது, அனுமதி அவசர அனுமதி. யாரைக் குத்தம் சொல்ல முடியும், சொல்லுங்க?"

"அப்ப யாருமே சொல்லலையா சார்?"

அவர் என் போனைக் காட்டினார். "நீங்க சொல்லியிருக்கீங்கம்மா. ஜூன் இருபத்தெட்டாம் தேதி, உங்க போன்ல இருந்துதான் சம்மத எண் வந்திருக்கு."

நான் சொன்னது எண்தான். அது சம்மதமா? பாங்க் நம்பரை யாரிடமும் சொல்லாதே என்று பத்துத் தடவை எச்சரிக்கை வருகிறது. இதற்கு யார் எச்சரித்தார்கள்?

"சீக்கிரம்மா, பத்து நிமிஷத்துல நம்பர் செத்துப்போகும்."

"செத்துப்போகட்டும் சார்" என்றேன். ஆப்பிளை நறுக்கி வார்டில் எல்லாருக்கும் கொடுத்தேன்.

ஜூலை 29, வியாழன்

இவர் மத்தியானம் மாடிப்படியில் வைத்துப் பேசினார்.

"அந்த ஆளு திரும்ப வந்தான்னா நம்பரைச் சொல்லிரு, மெற்றில்டா. பிள்ளைக்கு இடம் போச்சுன்னா நீயா தருவ?"

"பொய்ச்சாட்சி சொல்லச் சொல்றீங்களா?"

"நீ சத்தியமே பேசு, வேண்டாங்கல. ஆனா முழுசாப் பேசுவியா? விசாரணையில கேப்பான், முன்னால கால் போயிருக்கான்னு. டாக்டரம்மா கேட்டப்ப தண்ணி பிடிக்கப் போனியே, அங்கயும் தண்ணி பிடிக்கப் போவியா? உள்ளதைச் சொன்னா அவன் நம்ம தலையிலயே கட்டிருவான். மறைச்ச குத்தம் உனக்கு வரும்."

அதற்குப் பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் மறைக்கவில்லை. ஜெஸிக்கு ஆறு வயதில், வயிற்றுப்போக்கு வந்து போனபிறகு, இரண்டு கால்களும் துணி மாதிரி தொய்ந்தன. ஊர் டாக்டர் சத்து ஊசி போட்டார். உவரியில் போய்ப் படுத்துக் கிடந்தோம். வீடு திரும்பும்போது நடந்து வந்தாள். கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறேன், ஊரே கேட்டது. அது அந்தோணியார் செய்த புதுமை, அற்புதம். அதை நோய்க்கணக்கில் எழுத எனக்குத் தோன்றியதே இல்லை. நோய் என்று சொன்னால் புதுமையை மறுதலித்த மாதிரி ஆகிவிடாதா? டாக்டர் கேட்டபோது வாய் வராமல் போனது அதனால்தான்.

அதனால் மட்டும்தானா என்று கேட்டால், தெரியவில்லை.

மாலையில் டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். "இதை நான் பதிவு செய்யணும். விசாரணையிலயும் வரும்" என்றார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 5, வியாழன்

பனிமய மாதா திருநாள். தேர் இல்லை, ஜனம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தே போனில் பார்த்தோம். ஜெஸி சாய்ந்து உட்கார்ந்தாள். வலது கால் கட்டைவிரல் அசைந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவளிடம் கேட்டேன். "நீ ஊசி போட ஆசைப்பட்டுத்தான் போட்டியாட்டி?"

"யம்மா, அன்னைக்கு நான் என்ன கேட்டேன்னு உனக்கு ஞாபகம் இல்லையா?"

"நம்பர் கேட்ட."

"அதுக்கு முன்னால. 'எனக்குச் சின்னதுல கால் போச்சே, நான் போட்டுக்கலாமா'ன்னு கேட்டேன். நீ 'மீன் கையோட நிக்கேன், நம்பரைக் குறி'ன்ன."

மிக்ஸி ஓடியிருக்கலாம். குழாயில் தண்ணீர் வந்திருக்கலாம். ஜூன் 28ஐப் புரட்டிப் பார்த்தேன். சிலிண்டர், அரிசி, மீன் எல்லாம் எழுதியிருக்கிறேன்.

"ஊசி போட்ட சிஸ்டர்கிட்டக் கேக்க வேண்டியதுதானே?"

"வரிசைல நின்னப்ப கேட்டேன். 'அம்மா நம்பர் சொல்லிட்டாங்கல்ல, பின்ன என்ன, நகரு'ன்னாங்க."

என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அழாத. உவரிக்கு அடுத்த தடவை ரெண்டு காலா வாங்கு. அந்தோணியாருக்கும் ஜோடியாக் கிடைச்ச மாதிரி இருக்கும்."

ஆகஸ்ட் 12, வியாழன்

பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்து மூன்று நாள் ஆகிறது. விசாரணை முடிந்து வந்து எழுதுகிறேன். இட்லி மாவு பொங்கி வழிந்து கிடந்தது, துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாதான் தலைவர், நரைமுடி, மூக்கில் மாஸ்க் நழுவிக்கொண்டே இருந்தது. ராஜமன்னார் சார் ஒரு பக்கம். டாக்டர் சங்கரவடிவு ஒரு பக்கம். ஜெஸி சக்கர நாற்காலியில். இவர் அதன் கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

"சம்மத எண்ணை நீங்கதான் சொன்னீங்களா?" என்றார் தலைவர்.

"நம்பரை நான்தான் சொன்னேன்மா. சம்மதம் கேட்டுச் சொல்லலை. என்னத்துக்குன்னு நான் கேக்கலை, அவங்களும் சொல்லலை."

"முன்னால பிள்ளைக்கு நரம்புக் கோளாறு ஏதாவது?"

இவர் என்னைப் பார்த்தார். சொன்னேன். ஆறு வயது, வயிற்றுப்போக்கு, கால், உவரி, எல்லாம். அந்தோணியாரையும் விடவில்லை.

ராஜமன்னார் சார் எழுந்தே விட்டார். "பாருங்க மேடம், அவங்களே ஒத்துக்கிட்டாங்க! இவ்வளவு பெரிய விஷயத்தை மறைச்சிருக்காங்க. கல்லூரி எப்படிப் பொறுப்பாகும்?"

நானும் எழுந்து நின்றேன். வாய் தடுமாறவில்லை, மாதாவுக்கு ஸ்தோத்திரம்.

"சார், எங்க கோயில்ல ஒரு கல்யாணம்னா மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு. ஊரே கேக்கும். சொல்லாம இருந்தா அவன் மறைச்சவன். அப்புறம் பீடத்துக்கு முன்னால நிறுத்தி, பையன்கிட்டத் தனியா, பிள்ளைகிட்டத் தனியா, சம்மதமான்னு சாமியார் கேப்பாரு. அம்மாகிட்ட இல்ல. நீங்க எந்த ஞாயித்துக்கிழமை சார் ஓலை வாசிச்சீங்க?"

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். தலைவர் சிரிக்கவில்லை. ராஜமன்னார் சாரைப் பார்த்து, "முன்னால நரம்புக் கோளாறு உண்டான்னு ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் கேட்டவங்க யாரு? அவங்க பெயரைச் சொல்லுங்க" என்றார்.

"அது... கூட்டம் அதிகம் மேடம். அவசரம். மேலிடத்துல இருந்து தினமும் எத்தனை பேருன்னு கேக்குறாங்க."

"நான் பெயர் கேட்டேன்."

அவர் உட்கார்ந்தார்.

டாக்டர் சொன்னார்கள்: "இந்தத் தடுப்பூசி எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்கு மேடம். அதையும் எழுதிக்கோங்க. போன வருஷம் எங்க வார்டுல மூச்சு இல்லாமப் போனவங்களை நான் பாத்திருக்கேன். ஆனா இந்தப் பொண்ணுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா, ஒரு டாக்டரைப் பாத்துட்டு வான்னு சொல்லியிருப்போம். கேள்வி கேக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது."

பிறகு தலைவர் ஜெஸி பக்கம் திரும்பினார். அன்றைக்கு அந்த அறையில் அதுவரை யாருமே அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை. நானும்தான்.

"நீ என்னம்மா சொல்ற? மேஜர்தானே நீ?"

ஜெஸி பேசினாள். "எனக்குக் காலு ஞாபகம் வந்து நான் போன்ல அம்மாகிட்டயும் கேட்டேன் வரிசைல சிஸ்டர்கிட்டயும் கேட்டேன், ரெண்டு பேரும் நம்பரைப் பத்தித்தான் பேசினாங்க, யாராவது விஷயத்தைச் சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாது, போட்டிருந்தாலும் போட்டிருப்பேன், ஆனா அதை நான் யோசிச்சிருக்கணும்ல மேடம், என் காலுதானே."

அத்தனையும் ஒரே மூச்சு. எந்த இடத்திலும் அறுந்து விழவில்லை. அவள் என்னையும் சேர்த்துச் சொன்னாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முடிவை எழுத்தில் அனுப்புவார்களாம். வெளியே வந்ததும் இவர், "சீட்டு போச்சு" என்றார். கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய், "நல்லாப் பேசினா நம்ம பிள்ளை" என்றார்.

செப்டம்பர் 15, புதன்

வியாகுல மாதா திருநாள். கோயில் வாசல் வரை போய் வந்தேன்.

குழுவிடம் இருந்து இன்னும் முடிவு வரவில்லை. கல்லூரியில் இருந்து ஒரு போனும் இல்லை. ராஜமன்னார் சார் நம்பரைக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. டாக்டர் சொல்லிவிட்டதில், கால் பயிற்சி பெரியாஸ்பத்திரியிலேயே நடக்கிறது. ஜெஸி சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்து கதவு வரை வந்தாள். கதவில் சாய்ந்து நின்று, மத்தியானம் என்ன குழம்பு என்று கேட்டாள். சாளைப் புளிமுளம்.

பதினொரு மணி இருக்கும், இவர் துறைமுகத்தில் இருந்து கூப்பிட்டார். இரண்டாவது ஊசிக்கு வரிசையில் நிற்கிறாராம்.

"உன் போனுக்கு நம்பர் வந்திருக்கும். சொல்லு. பின்னால ஆளு நிக்கி."

வந்திருந்தது. கை கழுவித் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"போனை ஊசி போடுற அம்மாகிட்டக் குடுங்க."

"ஏட்டி, மானத்தை வாங்காத."

"குடுங்க."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், எரிச்சலோடு. "என்னங்கம்மா?"

"வணக்கம்மா. முதல் ஊசிக்கு அப்புறம் இவருக்கு என்னவெல்லாம் வந்துச்சுன்னு கேட்டீங்களா? இவருக்குச் சர்க்கரை இருக்கு, அதுக்கு இது பரவாயில்லையா? போட்டபிறகு எதெது வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைக் கூப்பிடணும்?"

பின்னால் யாரோ, "என்னப்பா, இன்டர்வியூவா?" என்றார்கள். சிரிப்புச் சத்தம். ஒருவர் கத்தினார். அந்தப் பெண் போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு சொல்ல ஆரம்பித்தாள், முதலில் கடுகடுவென்று, போகப்போக மெதுவாக. சர்க்கரைக்குத் தடையில்லை, போட்டுக்கொள்வதுதான் நல்லது என்றாள். தலைவலி விடாமல் இருந்தாலோ, மூச்சு முட்டினாலோ, கால் மரத்தாலோ உடனே வரச் சொன்னாள். கடைசியில், "என் பேரு அமலோற்பவம். இங்க வந்து என் பேரைச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பெயருக்கு ஒரு மங்கள வார்த்தை செபம் கடன்பட்டிருக்கிறேன்.

போன் இவரிடம் போனது. "கேட்டீங்கல்ல? இப்ப நீங்க சொல்லுங்க. உங்களுக்குச் சம்மதமா?"

"என்னட்டி இது, பீடத்துக்கு முன்னால நிறுத்தி வச்ச மாதிரி."

"பதில் சொல்லுங்க."

சுவரைப் பிடித்தபடி ஜெஸி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். 

"சம்மதம்" என்றார் இவர்.

நம்பரைச் சொன்னேன்.